காய்ந்த எடை

குடிநீர் அலுவலகத்திலிருந்து வந்த பெண் தன் இரும்புக் கம்பியை எங்கள் வீட்டுப் புல்தரையின் மூலையில் ஊன்றி லேசாக அழுத்தினாள். கம்பி பாதி வரைக்கும் சத்தமில்லாமல் இறங்கிவிட்டது. மற்ற இடங்களில் எல்லாம் இரண்டு கையாலும் அமுக்கி, பூட்ஸ் காலால் மிதித்தும் விரற்கடைக்கு மேல் இறங்காத கம்பி அது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, யார் வீட்டுப் புல்லோ என்பதுபோல எதிர்வீட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புகார் கொடுத்தது பக்கத்து வீட்டுக்காரர். தெருவில் அவருக்கு 'மேற்பார்வை' என்று பெயர். யார் குப்பைத்தொட்டியை மூடாமல் வைத்தார்கள், யார் வண்டியை வளைவில் நிறுத்தினார்கள், எதுவானாலும் அவருக்கு மூக்கில் வியர்த்துவிடும். மழை பொய்த்து இது இரண்டாவது வருடம். புல்தரைக்கு வாரத்தில் இரண்டு காலை மட்டும்தான் தண்ணீர் விடலாம் என்று உத்தரவு. தெரு முழுக்கப் புல் பழைய பாயின் நிறத்துக்கு வந்துவிட்டது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான், அந்த ஒரு மூலையைத் தவிர. அங்கே மட்டும் ஒரு கட்டில் அகலத்துக்குக் கண்ணை உறுத்தும் கரும்பச்சை. திருட்டுத் தண்ணீர் என்று மேற்பார்வை எழுதிக் கொடுத்துவிட்டார்.

வந்த பெண் நல்ல மாதிரி. குழாய் எங்கேயாவது ஒட்டு விட்டிருக்கும், பயப்படாதீர்கள் என்றாள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. தண்ணீர் விஷயத்தில் எனக்குப் பாடம் எடுக்க அவளுடைய அலுவலகத்தில் ஆள் கிடையாது. என் வீட்டில் ஒரு மனிதனின் தொண்டைக்குள் ஒரு நாளைக்கு எவ்வளவு இறங்குகிறது என்பதை மிடறு மிடறாக எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் நான்.

அவருக்குத் தொழிலே புல்தரை போடுவது. சுருட்டிய பாய் மாதிரி வண்டியில் வந்து இறங்கும் புல்லை வீட்டு முன்னால் விரித்து, ஒட்டுத் தெரியாமல் சேர்த்து, அடியில் குழாய் போட்டுத் தெளிப்பான் பூட்டிக் கொடுப்பார். நாங்கள் முதலில் இருந்தது நாள் தவறாமல் தூறும் ஒரு குளிர் ஊர். அங்கே தெளிப்பான் என்ற பேச்சே இல்லை. "அங்கல்லாம் புல்ல வளர்க்க வேணாம், வளராதேன்னு கெஞ்சணும்" என்பார். பாசியோடும் தேங்கும் தண்ணீரோடும்தான் அங்கே அவருக்குச் சண்டை. இந்த ஊரில் வீடுகள் வரிசை வரிசையாக முளைக்கின்றன, ஒவ்வொரு வீட்டுக்காரனுக்கும் வாசலில் பச்சை வேண்டும் என்று கேள்விப்பட்டு இங்கே வந்தோம். வந்த பிறகுதான் இந்த வெயிலைப் பார்த்தோம். காலையில் விட்ட தண்ணீரில் பாதி வேருக்குப் போகாது. கண்ணெதிரே ஆவியாகிவிடும். வானம் பாதியைக் குடித்துவிடுகிறது, மீதியை நான் குடிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே ரப்பர் குழாயை வாயில் வைத்து, சட்டை நனைய நனையக் குடிப்பார். அவர் தண்ணீர் குடிப்பதைப் பார்த்தால் நமக்கும் தாகம் எடுக்கும்.

அப்படிப்பட்ட ஆளுக்குச் சிறுநீரகம் போனது. போனது என்றால் அடியோடு போனது. சிறுநீர் சுத்தமாக நின்றுவிட்டது. உள்ளே போகிற தண்ணீர் வெளியே வர வழி கிடையாது. வாரத்துக்கு மூன்று நாள் வேன் வந்து டயாலிசிஸ் மையத்துக்கு ஏற்றிக்கொண்டு போகும். அங்கே மிஷின்தான் அதை இழுத்து எடுக்க வேண்டும். எவ்வளவு எடுப்பது என்பதற்குத் தராசுதான் சாட்சி. அதிகப்படித் தண்ணீர் எல்லாம் போன பிறகு ஒரு ஆள் எவ்வளவு எடை இருக்க வேண்டுமோ அதற்கு ட்ரை வெயிட் என்று பெயர். இவருக்கு அறுபத்திரண்டு கிலோ என்று போட்டிருந்தார்கள். இவர் அதைக் 'காஞ்ச எடை' என்று மொழிபெயர்த்தார். புல்லுக்குக் காய்ந்த எடை பார்த்தால் அதற்குப் பேர் வைக்கோல் என்று நர்ஸிடம் சொல்ல, அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

ஒரு நாளைக்கு ஒரு சின்ன பாட்டில். அதில் நான் ஒட்டிய டேப் வரைக்கும்தான் தண்ணீர். மருந்து மாத்திரை விழுங்குவதும் அதற்குள்தான். வாய் வறண்டால் ஒரு ஐஸ் துண்டு. கொப்பளிக்கக் கேட்டால் கொடுப்பேன், ஆனால் துப்பி முடிக்கும்வரை அவர் தொண்டைக்குழியையே பார்த்துக்கொண்டிருப்பேன். அது ஏறி இறங்கினால் எனக்குத் தெரிந்துவிடும். குளியலறைக் கதவைச் சாத்தக் கூடாது. தோட்டத்துக் குழாயின் திருகைக் கழற்றி என் தையல் பெட்டியில் போட்டுவிட்டேன். தெளிப்பானுக்கு வால்வு வீட்டுக்குள்ளே இருக்கிறது. அந்த இரண்டு காலையும் நானே திறந்து, அவரை உள்ளே உட்கார வைத்துவிட்டு, நானே மூடுவேன். ஆரம்பத்தில் ஒருமுறை நான் அசந்த நேரத்தில் பூ ஜாடித் தண்ணீரைக் குடித்துவிட்டார். அன்று இரவு மூச்சு முட்டி, உதடு நீலம் பாரித்து, ஆம்புலன்ஸில் ஏற்றும்போது என் கையைப் பிடித்த பிடியை என்னால் மறக்க முடியாது. அதிலிருந்து நான் ஜெயிலர்தான். அவர் வாயாலேயே அப்படித்தான் கூப்பிடுவார், "ஜெயிலரம்மா, ஒரு ஐஸு."

பிறகு எல்லாம் ஒழுங்காகிவிட்டது. அப்படித்தான் நினைத்தேன். தினமும் காலையில் அவரைத் தராசில் ஏற்றி, எண்ணைப் படம் எடுத்து வெளியூரில் இருக்கும் மகளுக்கு அனுப்புவேன். அவள் கட்டைவிரல் படம் ஒன்றைத் திருப்பி அனுப்புவாள். மாதக்கணக்காக எண் சொன்னபடி நின்றது. மையத்தில் மிஷின் பார்க்கும் பையன், எல்லோரும் இவரைப் போல இருந்தால் எங்களுக்கு வேலையே இல்லை என்று மற்றவர்கள் காதில் விழும்படி சொன்னான். பிள்ளை முதல் ரேங்க் வாங்கிய மாதிரி எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்துக் கட்டில் ஆளின் மனைவி வந்து, எப்படி அடக்கி வைத்திருக்கிறீர்கள் என்று யோசனை கேட்டாள். நானும் பெரிய மனுஷி மாதிரி வாய் வலிக்கச் சொல்லிக்கொடுத்தேன்.

சாப்பாடும் பிரச்சினை இல்லாமல் போனது. முட்டையின் வெள்ளைக் கருவும் இறைச்சியும் நிறையக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். உள்ளே புழுங்குகிறது, காற்றாடச் சாப்பிடுகிறேன் என்று தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போவார். தட்டு துடைத்து வைத்ததுபோலத் திரும்பி வரும். சாப்பிட்ட பிறகு கொஞ்ச நேரம் ஸ்க்ரூடிரைவரோடு மூலையில் இருக்கும் கடைசித் தெளிப்பானின் பக்கத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு ஏதோ நோண்டுவார். மண் அடைத்துக்கொண்டது, சுத்தம் பண்ணுகிறேன் என்பார். வேலைக்குப் போக முடியாத மனிதனுக்கு விளையாட்டுச் சாமான் ஒன்றாவது இருக்கட்டும் என்று நான் தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருப்பேன். எனக்குப் பிழைப்பு, மற்றவர்களின் துணியைப் பிடித்துக் கொடுப்பதும் பிரித்துக் கொடுப்பதும். அவர் கால்சட்டைகளையும் நான்தான் சரி செய்தேன். இடுப்பு தொளதொளவென்றது, பிடித்தேன். கொஞ்ச நாளில் மறுபடி பிடித்தேன். அதே கால்சட்டையின் கீழ்ப்பக்கம் கெண்டைக்காலை இறுக்குகிறது என்றார், பிரித்து விட்டேன். மேலே சுருங்கிக் கீழே பெருக்கும் ஆளுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று என் அளவு டேப் இரண்டு தடவை சொன்னது. தராசு சரியாக இருக்கும்போது டேப் பேச்சை யார் கேட்பது.

அந்தப் பெண் கம்பியை உருவினாள். நுனியில் வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. நாற்றம் என் வரைக்கும் வந்தது. சாக்கடைக் குழாயாக இருக்கும் என்று முனகிக்கொண்டே அவள் மண்டியிட்டுப் புல்லைக் கையால் பற்றி இழுத்தாள். புல் டப்பா மூடி மாதிரி ஒரு துண்டாகத் தூக்கிக்கொண்டு வந்தது. அவளுக்கு அது ஆச்சரியம். எனக்கு வெட்டைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஓரத்தை நேராக வெட்டாமல் சாய்த்து வெட்டினால் ஒன்றின் மேல் ஒன்று படிந்து ஒட்டே தெரியாது. அது அவருடைய கை. அடியில் முட்டை வெள்ளைகள், சில வைத்தபடியே, சில கறுத்து நீலமாக. ரொட்டி உருண்டைகள். நார் நாராகப் பிய்த்துக் கொடுத்த இறைச்சி. எறும்பு மொய்த்துக் கிடந்தது. பக்கத்துத் துண்டையும் தூக்கினாள், அங்கேயும் அதே. நான் மாதக்கணக்கில் அடுப்படியில் நின்று வேக வைத்தது எல்லாம் வரிசையாக அங்கே படுத்திருந்தது.

எலிக்கு வைத்ததா என்று அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டாள். அவள் தெளிப்பானைத் தொட்டுப் பார்த்தாள். மரை தளர்ந்து, தொட்டதும் கையோடு வந்துவிட்டது.

"இதாம்மா விஷயம். உங்க தரையில இதுதான் பள்ளமான இடம். வால்வ மூடினப்புறமும் குழாய்க்குள்ள நிக்கிற தண்ணி பூரா இங்கதான் வந்து சேரும். இத யாராவது தினம் தொறந்து மூடுறீங்களா?"

தெளிப்பான் இருந்த குழிக்குள் விரலைவிட்டு ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயை எடுத்தாள், மீன் தொட்டிக்குப் போடுவார்களே, அந்த மாதிரி வளையும் குழாய். ஒரு முனையில் பல் தடம் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், வாசலில் இருந்தவரைப் பார்த்தாள், அவர் கையில் டயாலிசிஸ் ஊசிக்காகப் புடைத்திருந்த நரம்பைப் பார்த்தாள். அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. குழாயைப் புல்லின் மேல் வைத்துவிட்டு, கசிவு என்று எழுதிக்கொண்டு, தெளிப்பானை இறுக்கி வைக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். வேலிக்கு அந்தப் பக்கம் மேற்பார்வையின் தலை தெரிந்தது. நான் பார்த்த பார்வையில் அது உள்ளே போய்விட்டது.

நான் அவர் முன்னால் போய் நின்றேன். முகத்தில் ஈயாடவில்லை. மாட்டிக்கொண்ட பையன் மாதிரி கால்சட்டையின் மடிப்பை நீவிக்கொண்டிருந்தார். நான் எதுவும் கேட்காமலே சொன்னார்.

"சாப்பாடும் எடைதான், தண்ணியும் எடைதான். தராசுக்கு ரெண்டும் ஒண்ணு. ரெண்டுல ஒண்ணுதான்னா எனக்குத் தண்ணி போதும்."

"அப்ப நான் வேக வச்சதெல்லாம்?"

"வீணாப் போகலையே. புல்லு எப்படி வந்திருக்கு பாரு."

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அந்த முட்டைகளை எடுத்து அவர் மேலேயே எறியலாம் போலக் கோபம். தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை, தெரு முழுக்கக் கேட்டிருக்கும். அவர் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். முடிந்ததும், இருமிக்கொண்டே ஒரு ஐஸ் கேட்டார். கொடுத்தேன்.

மறுநாள் மையத்தில் டாக்டரை வரச் சொல்லி நடந்ததைச் சொன்னேன். சின்ன வயது டாக்டர். அவர் இவரது முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்திவிட்டு எடுத்தார். அழுத்திய இடம் பள்ளமாகவே நின்றது, மாவில் விரலை வைத்த மாதிரி. உடம்பில் சதை கரைந்துபோய்விட்டது, கரைந்த இடத்தில் தண்ணீர் ஏறி உட்கார்ந்திருக்கிறது, அதனால்தான் மொத்தம் அதே அறுபத்திரண்டு என்றார். நுரையீரலிலும் நெஞ்சைச் சுற்றியும் இருக்கிறது என்று படத்தைக் காட்டினார். காய்ந்த எடையை ஆறு கிலோவாவது இறக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கூடுதல் நேரம், கூடுதலாக இழுக்க வேண்டும். பாட்டிலில் டேப் இன்னும் கீழே இறங்க வேண்டும். இதையெல்லாம் எழுதிக்கொண்டே, தலையைத் தூக்காமல், வீட்டில் யாரும் இவரைக் கவனிப்பதில்லையா என்று கேட்டார். நாள் முழுக்க அந்தத் தொண்டைக்குழியைப் பார்த்துக்கொண்டிருந்தவள் என்ன பதில் சொல்வது. தராசைப் பார்த்தேன் டாக்டர் என்றேன். அவர் காதில் அது விழவில்லை.

கூடுதலாக இழுப்பது என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். கடைசி ஒரு மணி நேரத்தில் அவருக்குக் கால் பிடித்துக்கொண்டது. விரல்கள் தனித்தனியாக வேறு வேறு திசையில் முறுக்கிக்கொண்டு நின்றன. நானும் அந்தப் பையனும் ஆளுக்கொரு காலாகப் பிடித்து நீவினோம். தலையில் புல் சுருளைச் சுமந்துகொண்டு நாளெல்லாம் நடந்த மனிதர், அம்மா அம்மா என்று கட்டிலில் அலறினார். பக்கத்துக் கட்டில் ஆளின் மனைவி திரைச்சீலையை இழுத்து மூடிக்கொண்டாள். அடுத்த முறையும் அப்படித்தான். அதற்கு அடுத்த முறை அலறவும் தெம்பில்லை. ஒருமுறை மையத்துத் தராசில் எண் கொஞ்சம் இறங்கியிருந்தது. பையன் உற்சாகமாகச் சொன்னான். நான் தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன். இப்போது வீட்டில் என் எதிரே உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். மெல்லுவார். விழுங்க எச்சில் இருக்காது. வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்ப்பார். நாங்கள் இருவரும் பேசிக்கொள்வது குறைந்துபோனது. ஜெயிலரம்மா என்றுகூட அவர் கூப்பிடுவதில்லை.

நேற்று ராத்திரி மகள் போன் பண்ணி, லீவு கிடைத்துவிட்டது, நாளை மாலைக்குள் வந்துவிடுகிறேன், அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். அவருக்குக் கேட்கும்படிதான் போனை வைத்திருந்தேன். அவர் சரிம்மா என்று மட்டும் சொன்னார்.

இன்று காலை, மையத்துக்குப் போகும் நாள். சட்டை மாட்டிவிட்டு, ஊசி குத்தும் கையின் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இன்னைக்கு வண்டியத் திருப்பி அனுப்பிடும்மா."

நாளைக்குப் போகலாமா என்று கேட்டேன், ஒன்றும் விளங்காதவள் மாதிரி. அவர் இனி வேண்டாம் என்று தலையாட்டினார். நர்ஸிடம் கேட்டுவிட்டாராம். நிறுத்தினால் ஒரு வாரமோ பத்து நாளோ. அதுவரை யாரும் எதையும் அளக்க வேண்டியதில்லை என்று அவள் சொன்னாளாம்.

"வயிறு நிறையக் குடிச்சிட்டுப் போறேன்."

பூ ஜாடித் தண்ணீர் குடித்த ராத்திரி ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். அன்றைக்கு மூச்சுக்கு அலைந்தீர்களே, அந்த மாதிரித்தான் இருக்கும், அதைவிட மோசமாக இருக்கும், உள்ளுக்குள்ளேயே மூழ்குவது அது என்றேன். எல்லாம் தெரியும் என்றார். மிஷினில் கால் முறுக்கிக்கொண்டு கிடக்கும்போது அந்தக் கணக்கைத்தான் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"மக வரட்டும். சாயங்காலம் வந்துருவா. அவகிட்டயும் சொல்லுங்க."

"அவ வந்தா விடமாட்டா." குரல் காய்ந்து, உதடு பல்லோடு ஒட்டியிருந்தது. பிரித்துக்கொண்டு சொன்னார். "நீ ஒருத்திதான் விடுவே."

இத்தனை வருடத்தில் அவர் என்னைப் பற்றி எவ்வளவோ சொல்லியிருக்கிறார். வாய்க்காரி என்றிருக்கிறார், கஞ்சப்பிசினாரி என்றிருக்கிறார், ஜெயிலர் என்றிருக்கிறார். எதுவும் இந்த மாதிரி என்னைக் குத்தியதில்லை. பாராட்டா வசவா என்று தெரியாமல் அவர் சட்டைக்கையை மடித்த இடத்திலேயே திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தேன். பிறகு அவரை வாசல் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போனேன்.

அடுப்படியில் விருந்தாளிகளுக்கு வைத்திருக்கும் கண்ணாடி ஜக்கை எடுத்தேன். குழாயைத் திறந்தேன். தண்ணீர் கண்ணாடியில் விழும் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. வாசலில் நாற்காலி கிறீச்சிட்டது. அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். நான் மூடவில்லை. நிறைந்து, கழுத்துக்கு ஏறி, விளிம்புக்கு வந்து நின்ற பிறகுதான் மூடினேன். அதற்குள் வெளியே வேன் ஹாரன் அடித்தது.

இரண்டு கையாலும் ஜக்கை ஏந்திக்கொண்டு வாசற்படி வரைக்கும் வந்தேன். டிரைவர் வழக்கம்போல வண்டியை ஓடவிட்டபடியே இறங்கி, காய்ந்த புல் நொறுங்க நடந்து வந்து, எழுந்திருக்க வசதியாக அவர் முன்னால் கையை நீட்டினார். அவர் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. கழுத்தைத் திருப்பி என் கையில் இருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"சீக்கிரம்மா," என்றார், "இன்னும் ரெண்டு பேர ஏத்தணும்."

ஜக்கில் தண்ணீர் விளிம்பைத் தாண்டி மயிரிழை உயரத்துக்கு நின்று நடுங்கிக்கொண்டிருந்தது. எந்தப் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தாலும் சிந்திவிடும்.